இலவசமாக நடக்கிற காட்டுப் பாதைக்கு எதற்குச் சந்தா?

வாசகர் கேள்வி, ஏப்ரல் 16, 2024

கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து மிசிசாகாவில் இருக்கிறேன். போன கோடையிலிருந்து நண்பர்களோடு புரூஸ் ட்ரெயில் என்ற நீண்ட நடைபாதையில் நடக்கிறேன். வாசல் இல்லை, டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. காரை விட்டு இறங்கினால் நடக்கலாம். இப்போது கூட வருகிற ஒருவர் உறுப்பினராகு, சந்தா கட்டு என்று விடாமல் சொல்கிறார். காட்டுப் பாதை தானாகக் கிடக்கிறது. வரியும் கட்டுகிறோம், அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா? ஊர்ப் பள்ளிக்கூடம், கோயில் என்று ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கும் எதற்குச் சந்தா?

ஏப்ரல் 17

"தானாகக் கிடக்கிறது" என்ற இடத்தைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை, தம்பி.

போன சனிக்கிழமை லைம்ஹவுஸ் பக்கம் ஏழு பேர் சேர்ந்து மூன்று மணி நேரம் வேலை செய்தோம். பாதைக்குக் குறுக்கே விழுந்து கிடந்த இரண்டு ஆஷ் மரங்களை அகற்றினோம், அவ்வளவுதான் முடிந்தது. 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு இந்த மாகாணத்து ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது. பட்டைக்கு அடியில் அதன் புழு நெளிந்து நெளிந்து குடையும். மரத்துக்குள் உணவும் நீரும் போகும் வழி அறுந்து, மரம் நின்ற நிலையிலேயே காயும். காய்ந்தது எந்தக் காற்றுக்கு, எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதியில் முறிந்து பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கினால் அதைப் போல ஆபத்து வேறு இல்லை.

சங்கிலி வாளை எங்கள் குழுவில் இரண்டு பேர்தான் தொடலாம். பயிற்சி எடுத்துச் சான்று பெற்றவர்கள். மற்ற ஐந்து பேரும் அறுத்த துண்டுகளை அலவாங்கால் நெம்பி உருட்டினோம். ஏழு பேரில் ஒருவருக்கும் ஒரு சதம் சம்பளம் இல்லை. வாள், எண்ணெய், தலைக்கவசம் எல்லாம் பாதையைப் பராமரிக்கிற எங்கள் கழகத்தின் காசு. நீங்கள் கேட்கிற சந்தா அங்கேதான் போகிறது.

அரசாங்கம் பார்ப்பதில்லை. நயாகரா பக்கத்துக் குவீன்ஸ்டனிலிருந்து வடக்கே டொபர்மோரி வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் முதன்மைப் பாதை. அதிலிருந்து பிரியும் கிளைப்பாதைகள் 400 கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவையும் பார்ப்பது புரூஸ் ட்ரெயில் கொன்சர்வன்சி என்ற அறக்கட்டளையும் அதன் ஒன்பது கழகங்களும்தான். மிசிசாகாவிலிருந்து போகிறவர் பெரும்பாலும் நடப்பது ரொறன்ரோ கழகத்தின் பகுதியில்.

ஏப்ரல் 18

நேற்றுக் கோபமாக எழுதிவிட்டேன் என்று மகள் சொல்கிறாள். அவளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு, என்னை இந்தப் பாதைக்குக் கொண்டுவந்ததே அவள்தான்.

2016இல் அவள் பத்தாம் வகுப்பு. ஒன்ராறியோவில் உயர்பள்ளிச் சான்றிதழ் வாங்க 40 மணி நேரம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கோயில் அன்னதானத்தில் கொஞ்சம், நூலகத்தில் கொஞ்சம் முடித்திருந்தாள். மிச்சத்துக்கு அவளே தேடிப் பிடித்தது இந்தப் பாதை வேலை. பிரம்டனிலிருந்து நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். முதல் இரண்டு முறையும் காருக்குள் பிளாஸ்கும் தேநீருமாக உட்கார்ந்து, தொலைபேசியில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை குளிர் தாங்காமல் இறங்கி நடந்தேன். எழுபதைத் தாண்டிய ஒருவர், ஒரு வார்த்தை கேட்காமல், என் கையில் ஒரு சுரண்டியைத் தந்தார்.

வெள்ளைக் குறி பூசுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மரத்தில் 5 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம், கண் மட்டத்தில். முதலில் பட்டையில் உதிரக்கூடிய செதில்களைச் சுரண்ட வேண்டும், மரத்தைக் காயப்படுத்தக் கூடாது. வயதான மேப்பிளில் சுரண்டச் சுரண்டச் செதில் வரும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும். பிறகு தூசி தட்டி, தூரிகையின் ஓரத்தால் நான்கு பக்கமும் நேராகக் கோடு போட்டு நடுவை நிரப்புவது. நான் பூசிய முதல் குறி கீழே ஒழுகியது. "தூரத்திலிருந்து பார்த்தால் பறவை எச்சம் என்று நினைத்துப் போய்விடுவார்கள்" என்று சொல்லி, பெரியவர் தன் துணியால் துடைத்துவிட்டார். இரண்டாவது தடவை ஒழுகவில்லை.

குறி பூசியவுடன் நடந்துவிடக் கூடாது. அடுத்த மரம் வரை போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். தெற்கே போகிறவனுக்கும் வடக்கே போகிறவனுக்கும் தெரிகிறதா? கோடையில் இலை வந்தால் மறைக்குமா? மறைக்கும் கிளை எது? அதை வெட்டு. ஒரு குறிக்கு இருபது நிமிடம் போகும்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குறி இருந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள். மேலே உள்ள குறி எந்தப் பக்கம் விலகி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நீலக் குறி கிளைப்பாதைக்கு. இதைத் தெரியாமலே பலர் நடக்கிறார்கள். தெரியாமலே வழி தப்பாமல் வீடு போய்ச் சேர்கிறார்கள் என்றால், குறி பூசியவர்கள் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள்.

மகளுக்கு 40 மணி முடிந்து எத்தனையோ ஆண்டு. எனக்கு இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் 21

17ஆம் தேதி "அரசாங்கம் பார்ப்பதில்லை" என்று எழுதியதை ஒருவர் மறுத்திருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் திருத்திக்கொள்கிறேன். பாதை பல இடங்களில் மாகாணப் பூங்காக்கள், நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு நிலங்கள் வழியாகப் போகிறது. அந்த நிலம் பொது நிலம். பாதை நெடுக ஓடுகிற நயாகரா பாறைத்தொடரைக் காக்க 1973இல் மாகாணம் சட்டம் போட்டது. 1985இல் திட்டம் வந்தது. 1990இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. சட்டமும் திட்டமும் அரசாங்கம் செய்தது, இல்லையென்று சொல்லக் கூடாது.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே பாதை வந்துவிட்டது. ஹமில்டனில் உலோகவியலாளராக இருந்த ரே லோஸ் என்பவர்தான் இந்தப் பாறைத்தொடர் நெடுக ஒரு நடைவழி வேண்டும் என்றவர். 1960இல் அவரும் பிலிப் கோஸ்லிங், நோர்மன் பியர்சன், ரொபர்ட் மக்லாரன் ஆகியோரும் கூடிப் பேசியது முதற்கூட்டம். நாலே பேர். அவர்களிடம் ஒரு அடி நிலம் கிடையாது. வீடு வீடாகப் போய், உங்கள் நிலத்து ஓரமாக மனிதர் நடக்க விடுவீர்களா என்று கேட்டார்கள். பெரும்பாலான விவசாயிகள் சரி என்றார்கள். 1963இல் சங்கம் பதிவாகி, 1967இல், கனடாவின் நூறாம் ஆண்டில், பாதை அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

ஏழு ஆண்டு. இன்றைக்கு ஒரு வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட அனுமதி வாங்கவே எத்தனை மாதம் போகிறது!

மே 5

மார்க்கம் நகரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "இரண்டு வேலை செய்கிறேன், சனி ஞாயிறும் இல்லை. ஐம்பது டொலர் அனுப்பினால் போதாதா?"

போதாது என்றுதான் சொல்வேன். பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவது நம் ஆட்களுக்கு எளிது. கோயில் கட்ட, மண்டபம் கட்ட, யாருக்கும் குறையாமல் கொடுப்போம். கூட்டித் துடைக்க ஆள் கேட்டால் மண்டபம் காலியாக இருக்கும். பாதைக்கு வேண்டியது கைகள். ஆண்டில் ஒரு நாள் வாருங்கள், அதுவே ஐம்பது டொலரை விடப் பெரிது.

மே 5, இரவு

மேலே எழுதியது கடுமையாக இருக்கிறது. ஆனாலும் அழிக்கவில்லை, இப்போதைக்கு என் எண்ணம் அதுதான்.

மே 20

வேலைக்கு வர நினைக்கிறவர்கள் என்ன கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

கணுக்கால் மூடும் சப்பாத்து, நீளக் காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். இங்கே உண்ணி இருக்கிறது, சில உண்ணிகள் லைம் நோயைக் கொண்டுவரும். வீட்டுக்குப் போனதும் முழங்காலுக்குப் பின்புறம், அக்குள், தலைமயிர் எல்லாம் பார்க்க வேண்டும். மூன்று இலையாகத் தரையோடு கிடக்கும் நச்சுப் படர்கொடியைத் தொடக் கூடாது. மஞ்சள் பூக் குடையாகப் பூக்கும் காட்டுப் பார்ஸ்னிப் இன்னும் மோசம். அதன் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளம் வரும். எனக்கு 2019இல் இடது மணிக்கட்டில் வந்தது, தழும்பு இன்னும் இருக்கிறது.

கருவிகளைக் கழகம் தரும். நெடுங்கைக் கத்தரி, வளைவாள், மண்வெட்டி, அலவாங்கு. எங்கள் குழுவில் எல்லோருக்கும் இப்போது அலவாங்கு என்ற சொல் தெரியும். அதன் ஆங்கிலப் பெயர் எனக்கு அவசரத்துக்கு வாயில் வரவில்லை, நான் அலவாங்கு என்று கத்தினேன், எப்படியோ புரிந்துகொண்டு எடுத்துத் தந்தார்கள். அன்றிலிருந்து அதுவே அதன் பெயர்.

சாப்பாடு அவரவர் கொண்டுவருவது. நான் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போவேன். இப்போது எட்டுப் பேருக்குக் கட்ட வேண்டியிருக்கிறது, மகிழ்ச்சிதான்.

ஜூன் 9

இதை எழுத ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்.

நான் உதவியாளாக இருக்கிற பகுதிக்குள் ஒரு விவசாயியின் நிலம் இருந்தது. இடத்தையோ ஆளையோ அடையாளம் சொல்லப் போவதில்லை. இருபது ஆண்டுக்கு மேலாக அவர் தன் மேய்ச்சல் நிலத்து ஓரத்தால் பாதையை விட்டிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை, கைகுலுக்கியதுதான் ஒப்பந்தம். ஒரு சதம் வாங்கியதில்லை. இலவசமாக நடக்க விடுகிற நிலக்காரர் மேல் பெரிய பொறுப்பு விழாதபடி ஒன்ராறியோச் சட்டம் காப்புக் கொடுக்கிறது, அது உண்மை. ஆனால் சட்டம் மனதைக் காப்பதில்லை.

மே மாதக் கடைசியில் யாரோ நாயைக் கட்டாமல் அவிழ்த்துவிட்டு நடந்திருக்கிறார்கள். நாய் கன்றுகளை விரட்டியிருக்கிறது. ஒரு கன்று கம்பி வேலியில் விழுந்து கால் முறிந்தது. அதே வாரம் அவருடைய வண்டி வெளியே வரும் வழியை மறித்து யாரோ காரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் எங்களைக் கூப்பிட்டார். கத்தவில்லை. "எனக்கு வயதாகிவிட்டது, இனி முடியாது" என்றார். எங்களோடு வந்திருந்த பொறுப்பாளர் அவருக்கு நன்றி சொன்னார். வேறு என்ன சொல்ல? அவருடைய நிலம்.

போன ஞாயிறு போய்க் குறிகளை அழித்தோம். அழிப்பது என்றால் சுரண்டுவது இல்லை, மரப்பட்டை நிறத்தில் பழுப்பு வர்ணத்தை அதன் மேல் பூசுவது. முப்பத்தொரு குறி. அதில் பதினொன்று நான் பூசியவை. எந்தக் குறியில் என் தூரிகை கொஞ்சம் சாய்ந்தது, எதில் இரண்டு தரம் பூசினேன் என்று எனக்குத் தெரியும். வேலியோரம் நிற்கிற பாஸ்வுட் மரத்தில் இருந்தது இரட்டைக் குறி, மேல்குறி இடப்பக்கம் விலகியது. அதைப் பூசி மூடியபோது என் கூட வந்த பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். பெரிய இழப்பு என்று சொன்னால் சிலருக்குப் புரியாது, நான்கு மரத்து வர்ணம்தானே என்பார்கள்.

இப்போது அந்த இடத்தில் பாதை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சரளைத் தெருவால் போகிறது. லொறி போனால் புழுதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்க வேண்டும். 900 கிலோமீட்டரில் இப்படித் தெருவால் போகிற துண்டுகள் இன்னும் இருக்கின்றன. கையால் செய்யக்கூடிய வேலை எதுவும் அந்தத் துண்டைக் காட்டுக்குள் திருப்பிக் கொண்டுபோகாது. நிலம் விற்பனைக்கு வரும் நாளில் கையில் காசு இருந்தால்தான் முடியும். அதனால்தான் சங்கமாகத் தொடங்கியது 2007இல் கொன்சர்வன்சி என்று பெயரை மாற்றி, நிலத்தை வாங்கிக் காக்கிற அமைப்பாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. வாங்கிய நிலம் பாதைக்கு மட்டும் இல்லை, அதில் உள்ள ஊற்று, தவளை, ட்ரிலியம் பூ எல்லாவற்றுக்கும் சேர்த்து.

மார்க்கத்துத் தங்கைக்கு: மே 5ஆம் தேதி நான் சொன்னது தவறு. உங்கள் ஐம்பது டொலர் பெரியது. சனி ஞாயிறும் வேலை செய்து சேர்த்த காசை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? மன்னிக்க வேண்டும். அனுப்புவதானால் நிலம் வாங்குவதற்கு என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை என்பதால் நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு வரும், வருமான வரிக் கணக்கில் காட்டலாம்.

ஜூன் 10

அந்தக் கன்று பிழைத்துவிட்டது. விவசாயியின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

ஜூலை 1

விடுமுறை. மழை. வீட்டில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் வேறு பேச்சு.

வயல் வேலிகளைக் கடக்க இந்தப் பாதையில் மரத்தால் ஏணிபோல் படி கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் மூன்று படி ஏறி, அந்தப் பக்கம் மூன்று படி இறங்க வேண்டும். ஆள் கடக்கலாம், மாடு கடக்காது. முதல் தடவை அதில் ஏறியபோது, எங்கள் ஊர் வேலியில் ஒழுங்கைக்கும் வளவுக்கும் நடுவே இருந்த கடப்பு நினைவுக்கு வந்தது. பனைமட்டை வேலியில் ஆள் நுழைகிற அளவு இடைவெளி, கீழே குறுக்குக் கட்டை. பள்ளிக்கூடம் போக அது குறுக்கு வழி. அது இன்னொருவருடைய வளவு. அவர்கள் ஒரு நாளும் மறித்ததில்லை. ஆச்சி முற்றத்தில் நெல் காயவைத்திருந்தால், சுற்றிப் போங்கள் பிள்ளைகள் என்பார், அவ்வளவுதான். அந்த ஆச்சியும் நிலக்காரர்தான் என்று இங்கே வந்து முப்பது ஆண்டு கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஊருக்குக் கொடுப்பதும் இங்கே கொடுப்பதும் வேறு வேறு என்று கேள்வி கேட்ட தம்பி பிரிக்கிறார். வழிப்போக்கனுக்குச் செய்வது நமக்குப் புதிது இல்லை. பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்னும் நிற்கிறது. தெரு நடுவால் போகும், இரண்டு பக்கமும் கல் திண்ணை, மேலே கூரை. நடந்து வந்தவன் யாராக இருந்தாலும் உட்காரலாம். பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் கட்டுவார்கள். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல் நடுவார்கள், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. அந்தக் கல்லை நட்டவன் அதில் தன் முதுகைத் தேய்க்கப் போகிறானா?

லைம்ஹவுஸ் என்ற பெயரே சுண்ணாம்பிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுண்ணாம்புச் சூளைகள் பாதையோரம் இன்னும் நிற்கின்றன. யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக்கல்தான், கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளிப் பாறைப் பிளவுக்குள் ஏணி வைத்து இறங்குகிற இடம் ஒன்று உண்டு. அந்தப் பிளவுக்குள் கையை வைத்தால் கோடையிலும் கிணற்றுக் கட்டின் குளிர்ச்சி. நான் ஒவ்வொரு முறையும் வைப்பேன்.

செப்டம்பர் 2

மழைக்குப் பிறகு நடக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேறு வந்தால் அதன் நடுவாலேயே நடங்கள். சப்பாத்தைக் காப்பாற்ற ஓரத்தால் போனால் ஓரமும் சேறாகும். அடுத்தவர் அதற்கும் ஓரத்தால் போவார். ஒற்றையடிப் பாதை இரண்டு மாதத்தில் மாட்டு வண்டித் தடம் போல ஆகிவிடும். நாங்கள் செய்யக்கூடியது பாதையின் தாழ்ந்த ஓரத்தை வெட்டித் தண்ணீர் இறங்க வழி விடுவது. ஒரு மண்வெட்டிக்காரர் நன்றாகப் பார்த்து வெட்டினால் பத்து நிமிடத்தில் குளம் வடியும். பள்ளம் எங்கே என்று அறிய மழை பெய்யும்போதே போய்ப் பார்க்க வேண்டும், அதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை.

காலடி ஒரு நிலத்தை எப்படித் தேய்க்கும் என்று பார்க்க விரும்பினால் செல்ட்டனம் செம்மண் மேடுகளுக்குப் போங்கள். அது குவீன்ஸ்டன் களிப்பாறை. மேய்ச்சலால் மேல்மண் போய் வெளியே வந்தது, பிறகு படம் எடுக்க ஏறியவர்களின் சப்பாத்துகள் மேடுகளைக் கரைத்தன. 2015இல் மூடினார்கள். மரப்பலகை நடைவழி கட்டி 2018இல்தான் திறந்தார்கள். இப்போது பலகையில் நின்று பார்க்கலாம், ஏற முடியாது. நான் மூடுவதற்கு முன்பு ஏறியவள். மகளைச் சின்னவளாக அந்த மேட்டில் நிறுத்தி எடுத்த படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அழகான படம், ஆனால் அவள் காலடியில் சரிந்து கிடக்கிற மண் இப்போது கண்ணில் படுகிறது.

இன்னொன்று, பாறை விளிம்பில் வளைந்து நெளிந்து நிற்கிற செடார் மரங்கள். மணிக்கட்டுத் தடிப்பில் ஏதோ பற்றை என்று நினைத்துப் பிடித்து ஏறாதீர்கள். கெல்ஃப் பல்கலைக்கழகத்தார் வளையம் எண்ணிப் பார்த்தபோது சில மரங்கள் 1000 ஆண்டையும் தாண்டியிருந்தன. மண் இல்லாத வெடிப்பில் மெல்ல மெல்ல வளர்ந்தவை. உங்கள் கைக்கு அகப்படுவது இராசராசன் காலத்து மரமாக இருக்கலாம்.

அக்டோபர் 14

நன்றி தெரிவிக்கும் நாள். இலை நிறம் மாறும் காலத்தில் எங்கள் பகுதிக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தேன். வாகன நிறுத்தத்தில் இடமில்லை, தெருவோரம் கார்கள். தமிழ்க் குடும்பங்களும் நிறைய, பார்க்க மனம் குளிர்ந்தது. ஐந்து ஆண்டுக்கு முன் காலை முழுக்க நடந்தாலும் ஒரு தமிழ்க் குரல் கேட்காது.

ஜூனில் நடந்ததைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். ஒரு வீட்டு வழியை மறித்து இன்றும் ஒரு கார் நின்றது. நான் அங்கேயே காத்து நின்றேன். வந்தவர்கள் நம் ஆட்கள், சின்னப் பிள்ளைகளோடு. விவசாயி, கன்று, முப்பத்தொரு குறி என்று கதையைச் சொன்னேன். அந்த அண்ணா ஒன்றும் பேசாமல் காரை எடுத்தார். பிறகு தூரத்தில் நிறுத்திவிட்டு, அவ்வளவு தூரமும் நடந்து திரும்பி வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கச் சொல்லவில்லை. வீட்டுக்காரி பிள்ளைகளுக்கு அப்பிள் கொடுத்து அனுப்பினார்.

பாட்டைச் சத்தமாகப் போடாதீர்கள். நாயைக் கட்டுங்கள். படலையைத் திறந்தால் மூடுங்கள். நவம்பரில் மான் வேட்டைக் காலம், அப்போது சில நிலக்காரர்கள் தங்கள் துண்டை மூடுவார்கள். அறிவிப்பு போட்டிருந்தால் வாதாடாமல் திரும்புங்கள், அவர்கள் மற்ற மாதங்களில் விடுவதே பெரிது.

நவம்பர் 3

கேள்வி கேட்ட தம்பி நேற்று வந்தார்.

ஏப்ரலிலிருந்து இதை வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தாராம். ஈரநிலத்தின் மேல் பலகைப் பாலம் போடும் நாள். செடார்ப் பலகைகளை வாகனம் போகிற இடம் வரைக்கும்தான் கொண்டுவரலாம். மிச்சம் அறுநூறு மீற்றர் தோளில் சுமக்க வேண்டும், ஒரு பலகைக்கு இரண்டு பேர். அவருக்கும் எனக்கும் ஒரே உயரம் என்பதால் என்னோடு சேர்த்துவிட்டார்கள். நான்கு தரம் போய் வந்தோம். மூன்றாவது தரம் அவர் தோளை மாற்றிக்கொண்டு, "அக்கா, இந்தப் பாலத்துக்கு எத்தனை பலகை?" என்று கேட்டார். அறுபத்துநாலு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, போன கோடையில் இப்படிப் பாலங்களில் நாங்கள் ஓட்டப்பந்தயம் வைத்தோம் என்றார்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிப் பலகை உளுத்துப்போகும். அவர் சுண்டுவிரலை வைத்து அளந்தார். பெரியவர் (2016இல் என் கையில் சுரண்டியைத் தந்தவர், இப்போது பலகை தூக்குவதில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்கிறார்) நடுவிரல் என்றார். நான்கு பலகையைக் கழற்றித் திரும்பப் பூட்டினோம்.

சந்தா கட்டினாரா என்று நான் கேட்கவில்லை. போகும்போது, அந்தச் சரளைத் தெருத் துண்டு எங்கே என்று கேட்டார். காட்டினேன். காரை நிறுத்திவிட்டுப் போய் நடந்து பார்த்துவிட்டு, இரவு செய்தி அனுப்பியிருந்தார்: "லொறி மூன்று போயிற்று அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் பழுப்பு வர்ணம் பூசிய மரம் ஒன்று தெரிந்தது, அதுதானா?"

அதுதான், தம்பி. பாஸ்வுட்.

இன்னும் பதினெட்டுப் பலகை மிச்சம். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முடிக்கிறோம். கையுறை இரண்டு சோடி கொண்டுவாருங்கள், முதற்சோடி பத்து மணிக்குள் நனைந்துவிடும்.